பரங்கிக்காய் விளக்கும் கல்லறை மெழுகுவர்த்தியும்



2024-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று தீபாவளியும், சீர்திருத்த நாளும், மேல்நாட்டார் கொண்டாடும் ஹாலோவீன் இரவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கைபேசியில் கண்ட பரங்கிக்காய் முகங்களையும் காகித வௌவால்களையும் வீட்டிலே செய்து தொங்கவிட நம் பிள்ளைகள் ஆசைப்படுகின்றார்கள். இது விசுவாசிகளுக்குத் தகுமா என்று பெற்றோராகிய நீங்கள் கேட்கின்றீர்கள். தகும், தகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆயினும் அந்த அலங்காரங்கள் வந்த வழியை அறிந்தபின் தீர்மானிப்பது நலம்.

ஹாலோவீன் என்னும் பெயர் திருச்சபையிலேயே பிறந்தது. சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் 1 மேற்குத் திருச்சபையில் பரவலாக அத்திருநாளாக அனுசரிக்கப்பட்டது. மரித்த விசுவாசிகளை நினைவுகூர நவம்பர் 2-ஐக் குளூனி மடத்தின் தலைவர் ஒடிலோ 998-ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் ஏற்படுத்தினார். நாம் கல்லறைத் திருநாள் என்று அழைப்பது அதனையே. 1517 அக்டோபர் 31-ஐ நாம் மறவாதிருக்கக் காரணமான விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தின் பெயரும் சகல பரிசுத்தவான்களின் ஆலயமே.

அலங்காரமோ ஏழைகளின் அடுப்படியில் தொடங்கியது. அயர்லாந்தின் குடியானவர்கள் வயலில் விளைந்த டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை வைத்தார்கள். செலவு என்று ஒன்றும் இல்லை. அத்தகைய கிழங்கு முகம் ஒன்றின் சுண்ண வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சுருங்கிய கன்னமும் கோரைப் பல்லுமாக, இன்றைய சிரிக்கும் பரங்கிக்காயைவிட அது பன்மடங்கு பயங்கரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்திற்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஐரிஷ் மக்கள் அங்கே பெரிய பரங்கிக்காயைக் கண்டார்கள். கிழங்கைக் குடைவதைவிட அதைக் குடைவது எளிதாயிருந்தது.

அந்தக் கோர முகம் எதற்காக? தீயதை வாசலுக்கு அப்பாலே துரத்துவதற்காக. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டாம். புதுவீடு கட்டும் இடத்தில் மீசையும் நீட்டிய நாக்கும் வரைந்து தொங்கவிடும் திருஷ்டிப் பூசணி நம் தெருவிலேயே இருக்கின்றது. ஐரிஷ் கிழவியும் நம்மூர்க் கொத்தனாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அச்சம் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கின்றது.

பிறகு காகிதம் வந்தது. 1844-இல் நகைக்கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து பிழைக்கத் தொடங்கிய டென்னிசன் குடும்பத்தாரின் நிறுவனம், பிற்காலத்தில் சுருக்கக் காகிதம் விற்றது. ஹாலோவீன் அலங்காரங்களை வீட்டிலே செய்வது எப்படி என்று கற்பிக்கும் கையேட்டை அது 1909-இல் வெளியிட்டது. கறுப்புப் பூனையும் வௌவாலும் எலும்புக்கூடும் இப்படியே வீட்டுக் கைவேலை ஆயின. பெட்டி ஒட்டியவர்கள் ஊருக்கே அலங்காரம் கற்பித்தார்கள் என்பதை வாசிக்கும்போது, தாயில்பட்டியாராகிய உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரக்கூடும்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல் இந்தக் கரிசல் மண்ணின் வீடுகளில் காகிதமும் பசையும் ஓயவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பு எரிந்தது குரோஸ் கணக்கில் ஒட்டிய பெட்டிகளாலும் உருட்டிய காகிதக் குழாய்களாலும்தான். காகிதத்தை மடிக்க உங்களுக்கு எந்தக் கையேடும் தேவையில்லை.

ஆனால் வீட்டிலே, மலிவாக, கையால் செய்வது என்ற சொற்களுக்கு நம் ஊரில் வேறொரு பொருளும் உண்டு. அனுமதியின்றி வீட்டிற்குள் வெடி திரிக்கும் வேலையையும் அதே சொற்களால்தான் சொல்கின்றோம். அதன் விலையையும் அறிவோம். உரிமம் பெற்ற ஆலைகளும் தப்பவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெயர்களை நான் எழுத வேண்டுவதில்லை. உங்களில் சிலருக்கு அவர்கள் மதினி, சித்தப்பா, உடன் வேலை பார்த்த அக்கா.

ஆகையால் பெற்றோருக்கு என் விடை இதுவே. பிள்ளைகள் பரங்கிக்காயைக் குடையட்டும்; வெட்டியெடுத்த சதை மறுநாள் கூட்டாகட்டும். காகிதத்தில் வௌவால் வெட்டுவதால் எவர் விசுவாசமும் குலைந்துவிடாது. ஆனால் எலும்புக்கூட்டையும் கருகிய பிணத்தின் சாயலையும் விளையாட்டாக வாசலில் தொங்கவிடாதிருங்கள். அடையாளம் காணவும் முடியாத சரீரத்தை மருத்துவமனையில் பெற்று வந்து அடக்கம்பண்ணிய தாய் அந்தத் தெரு வழியாகத்தான் தண்ணீருக்குப் போகின்றாள். அமெரிக்கப் பிள்ளைக்குக் கேளிக்கையாய் இருப்பது அவளுக்கு நேற்றைய நாள்.

செய்யவேண்டிய அலங்காரம் வேறு உண்டு. மரித்தோருக்காகப் பணம் கட்டும் பழக்கத்தை எதிர்த்தே லூத்தர் எழுதினார். நாமும் அவர்கள் ஆத்துமாவுக்காக ஜெபிப்பதில்லை. ஆயினும் நம் முன்னோர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. அன்புக்கு உபதேசம் தடை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். பழைய நோட்டுத் தாளை நான்காக மடித்து, ஓரங்களில் பூவும் நட்சத்திரமும் வெட்டி, மைதாப் பசையால் கண்ணாடிப் புட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, அதில் மெழுகுவர்த்தியை நடலாம். சுடர் வாய்க்குக் கீழே நிற்கட்டும், காற்றுக்கும் அணையாது. தாத்தாவின் பெயரையோ அத்தையின் பெயரையோ பிள்ளையே தன் கையால் அந்தத் தாளில் எழுதட்டும்.

நவம்பர் 2 மாலை கல்லறைத் தோட்டத்துக்கு அவற்றைக் கொண்டு வாருங்கள். மருந்து வேலை முடித்து நேரே வருவோர் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே விளக்கின் அருகே வரவும். காய்ந்த புல்லை முந்தின நாளே செதுக்கிவிடுவோம். மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.