சரணாகதி

ஒரு கட்சி இன்னொன்றிடம் இறங்கிப்போனால் போதும், பத்திரிகைகளில் 'சரணாகதி' என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. வடமொழியில் 'சரணம்' என்றால் காப்பு, புகலிடம், 'ஆகதி' வந்தடைதல். தோற்றவன் மண்டியிடுவதல்ல, தன் கணக்கை விட்டுவிட்டு இறைவன் காப்பான் என்று போய்ச் சேர்வது. வைணவர்கள் வீடணனைக் காட்டுவார்கள். அவன் இராமனிடம் வந்தது போருக்கு முன்பு, தோற்றபின் அல்ல. இராமானுசரின் கத்தியம் (உரைநடைத் துதி) ஒன்றுக்கே 'சரணாகதி' என்றுதான் பெயர். தமிழில் 'புகல்' உண்டு. ஆனால் என் ஓட்டு 'அடைக்கலம்' என்பதற்கே. காக்கச் சொல்லி ஒப்படைத்த பொருளையும் அது குறிக்கும்: சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் துறவி கவுந்தியடிகள் ஆயர்குல மாதரியிடம் ஒப்படைப்பது கண்ணகியை. (இறவாரத்தில் கூடு கட்டும் குருவியையும் அடைக்கலக் குருவி என்கிறோம்.) ஒப்படைத்தபின் கவலை, ஏற்றுக்கொண்டவருடையது. கோர்ட்டில் 'சரண்டர்' ஆகிறவனுக்கு அந்த நிம்மதி ஏது? கட்சிகளுக்குப் 'பணிந்தது' என்று போடுங்கள், போதும்.