வெளுப்பு நீரும் பம்பின் உலோகமும்: ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராஜபாளையம் அருகேயுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் ஆகிய ஊர்களின் விசைத்தறிகளில் ஓடுவது பெரும்பாலும் மருத்துவத் துணி. புண்ணுக்குச் சுற்றும் பேண்டேஜும் அறுவை அரங்கில் பயன்படும் காஸ் துணியும் இங்கே நெய்யப்படுகின்றன. தறியிலிருந்து இறங்கும்போது அது பழுப்பேறிய கோரா துணிதான். பருத்தியின் மெழுகும் பாவுக்கு இட்ட கஞ்சியும் அப்படியே இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். மருத்துவமனைக்குப் போவது மிதக்கக் கூடாது. உறிஞ்சும் பஞ்சு பத்து வினாடிக்குள் நீரில் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் ஏடுகளின் அளவுகோல். 1945-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் எஃப்-2 அட்டவணையில் கட்டுத்துணிகளுக்குத் தரம் வகுத்திருக்கின்றன.

மிதக்கும் துணியை மூழ்கும் துணியாக்க காஸ்டிக் சோடா, குளோரின் கரைசல், அமிலம், பெராக்சைடு என்று அரிக்கும் திரவங்கள் தேவை. அவற்றைத் தொட்டிக்குத் தொட்டி கொண்டுசேர்ப்பது பம்பு. அந்தப் பம்பு எதனால் ஆனது என்பது ஏன் மாறிக்கொண்டே வந்தது? உலோகவியலின் முன்னேற்றம் என்று பாடநூல்கள் விடை சொல்லும். அது பாதி விடைதான். இத்தகைய தொழிலில் மாற்றத்தைத் தூண்டியது திரவம். பம்பு அரித்துப்போன கவலையைவிட, அரித்துப்போன பம்பு துணியைக் கெடுத்த கவலையே பெரிதாக இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வட்டாரத்தின் ஆலை வரலாறு 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து எழுதப்படுவது வழக்கம். ஆனால் நூற்பாலையில் அரிப்புச் சிக்கல் அதிகம் இல்லை. அங்கே பம்பு இறைப்பது தண்ணீரை. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, தென் மாவட்டங்களில் மின்சாரம் பரவி, கமலைகள் மெல்ல ஓய்ந்தபோதும், கிணற்றடிக்கு வந்தது வார்ப்பிரும்புப் பம்புதான். கிணற்று நீருக்கு வார்ப்பிரும்பு உடல், வெண்கல இம்பெல்லர் என்ற அந்தச் சேர்க்கை நன்றாகவே உழைத்தது. குளிர்ந்த காஸ்டிக் கரைசலையும் வார்ப்பிரும்பு தாங்கும். அதே சேர்க்கையை வெளுப்புத் தொட்டிக்குக் கொண்டுபோன இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது.

குளோரின் பருத்தியை வெளுக்கும் என்பதை 1785-இல் பிரான்சின் பெர்த்தொலே காட்டினார். 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் ப்ளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். புல்வெளியில் மாதக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்த துணி நாள்கணக்கில் வெளுத்தது. தமிழ்நாட்டில், ராஜபாளையம் மில்ஸ் தோன்றிய அதே 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக்கும் குளோரினும் ஒருசேர எடுக்கும் தொழில் அங்கே வேர்கொண்டது. 1950களின் இறுதியில் தூத்துக்குடிக்குத் தெற்கே சாகுபுரத்திலும் காஸ்டிக் ஆலை எழுந்தது. வெளுப்புக்கு வேண்டிய இரண்டு முக்கியச் சரக்குகளும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்க வழி பிறந்தது.

ஹைப்போகுளோரைட் கரைசல் இரும்பை விரைவாகத் துருவாக்கும். அந்தத் துரு துணியில் பழுப்புக் கறையாக இறங்கும். வெண்கலத்திலிருந்து கரையும் செம்பு வேறுவிதத் தீங்கு செய்யும். செம்பும் நிக்கலும் மிகச் சிறு அளவில் கலந்தாலும் கரைசல் தானே சிதைந்து வலுவிழக்கும். பம்பு கெடுவதற்கு முன்பே சரக்கு கெட்டுவிடும். எவர்சில்வர் என்று நம் வீடுகளில் புழங்கும் துருப்பிடிக்காத உருக்கும் இதற்குத் தப்பவில்லை. அதைக் காப்பது மேற்பரப்பில் படியும் குரோமியம் ஆக்சைடு ஏடு. குளோரைடு அந்த ஏட்டை ஊசிமுனை அளவில் துளைக்கும். கரைசல் ஓடும்போது உண்டாகும் சேதத்தைவிட, வேலை முடிந்து பம்புக்குள் தேங்கி நிற்கும்போது உண்டாகும் சேதம் அதிகம். கேஸ்கெட்டின் இடுக்கில் மோசமாக இருக்கும். ஞாயிறு விடுமுறைக்கு முன் பம்பைக் கழுவிவிடும் பழக்கம் இல்லாத பட்டறையில் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கும் உழைக்காது.

துருப்பிடிக்காத உருக்கு வருவதற்கு முந்திய தலைமுறை அரிப்பை எப்படிச் சமாளித்தது என்பது தனிக் கதை. 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் ஈய அறைகளில் கந்தக அமிலம் செய்தது முதல், அமிலத் தொழிலின் உலோகம் ஈயம். ஆனால் சுழலும் இம்பெல்லருக்கு அது மிக மென்மை. ஆன்டிமனி கலந்து கடினமாக்கினார்கள். சுட்ட களிமண்ணில் பம்பு செய்தார்கள். பதினான்கு, பதினைந்து சதவீதம் சிலிக்கான் சேர்த்த வார்ப்பிரும்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அமிலத்தை நன்கு எதிர்க்கும், கைதவறி விழுந்தால் உடையும். பம்பே வேண்டாமென்று முட்டை வடிவக் கலத்தில் அமிலத்தை நிரப்பி அழுத்தக் காற்றால் தள்ளிய முறையும் உண்டு. ஆசிட் எக் என்று பெயர். நகரும் பாகமே இல்லாததால் அரிபடும் அச்சும் கிளாண்டும் அதில் இல்லை. என் பார்வையில் அக்காலத்தின் மிக நேர்மையான விடை அதுதான்.

அடுத்த பெரிய திருப்பம் பெராக்சைடு. 1818-இல் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, 1940 வாக்கில் மேற்கத்திய ஆலைகளில் தொடர் வெளுப்பு முறைக்கு வந்து, படிப்படியாக ஹைப்போகுளோரைட்டின் இடத்தைப் பிடித்தது. குளோரின் வாடையும் எச்சமும் இல்லாததால் மருத்துவத் துணிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் பெராக்சைடு இரும்பையும் செம்பையும் கண்டால் பொறுக்காது. அவற்றின் துகள் பட்ட இடத்தில் வேகமாகச் சிதைந்து ஆக்சிஜனை விடும். துகள் துணியின் மேல் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நூல் நலிந்து பொத்தல் விழும். மூடிய வால்வுகளுக்கிடையே சிக்கிய பெராக்சைடு சிதைந்தால் அழுத்தம் ஏறிப் பம்பின் உடல் வெடிக்கவும் கூடும். ஆகவே வார்ப்பிரும்புப் பம்புக்கு இங்கே இடமே இல்லை.

இந்தத் தேவைக்கு விடை முன்பே கையிலிருந்தது. 1912-இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் குரோமியம்–நிக்கல் உருக்குக்குக் காப்புரிமை கோரியது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் உருக்கை உருக்கினார். 304 வகையில் 18 முதல் 20 சதவீதம் குரோமியம். 316-இல் குரோமியம் சற்றுக் குறைவு. பதிலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். ஊசித்துளை அரிப்பைத் தாமதப்படுத்துவது அந்த மாலிப்டினம். புதுப் பம்பை நைட்ரிக் அமிலத்தால் கழுவி மேற்பரப்பிலுள்ள இரும்புத் துகளை நீக்கிவிட்டுத்தான் பெராக்சைடுக்குப் பூட்ட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு உருக்கின் மேல் பழிபோடுவது எளிது. பெராக்சைடை நிலைப்படுத்தச் சேர்க்கும் சோடியம் சிலிக்கேட் சீலின் முகத்தில் கல்லாகப் படிவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அமிலத்தில் நிலைமை தலைகீழ். அடர் கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்புத் தொட்டியில் வைக்கலாம். இரும்பு சல்ஃபேட் ஏடு படிந்து காக்கும். அதையே தண்ணீர் விட்டு நீர்த்தால் இரும்பு கரையும். அடர் அமிலத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: அமிலம் மெதுவாக நகர வேண்டும். இம்பெல்லரின் வேகத்தில் அந்த ஏடு கழுவிக்கொண்டு போய்விடும். ஹைப்போகுளோரைட்டில் நின்றால் கெடும் பம்பு, இங்கே ஓடினால் கெடுகிறது. செறிவு, வெப்பம், வேகம் மூன்றையும் சொல்லாமல் வெறும் ‘அமிலத்துக்குப் பம்பு’ என்று கேட்பது பயனற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பினால் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அடுப்பில் கிண்டப்படுவது. அங்கே பம்புக்கு வேலையில்லை. ஆனால் பாலைச் சேகரித்துக் குளிரூட்டிப் பதப்படுத்தும் இடங்களில் குழாய்களையும் பம்பையும் கழற்றாமலே காஸ்டிக், பிறகு நைட்ரிக் அமிலம் எனச் சூடாகச் சுற்றவிட்டுக் கழுவுவார்கள். பாலும் காஸ்டிக்கும் நைட்ரிக்கும் 304 உருக்கை அதிகம் தொடுவதில்லை. குற்றவாளி பெரும்பாலும் கழுவும் தண்ணீர். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் குளோரின் கிருமிநாசினியும் சேர்ந்தால் 304-இல் துளை விழும். சீல் ரப்பரிலும் ஒரு முரண்பாடு: ஈ.பி.டி.எம். ரப்பர் காஸ்டிக்கையும் நீர்த்த நைட்ரிக்கையும் தாங்கும், நெய்ப்பு மிகுந்த பாலாடையில் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் கொழுப்பைத் தாங்கும், நைட்ரிக்கில் வெடிக்கும்.

பிளாஸ்டிக் இந்தக் கணக்கைக் கலைத்தது. 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான், 1954-இல் ஜூலியோ நட்டா உருவாக்கிய பாலிப்ரொப்பிலீன், பிறகு வந்த பி.வி.டி.எஃப். ஆகியவை உலோகம் தோற்ற இடங்களில் நிற்கின்றன. துணி நனைத்த அமிலம், காஸ்டிக், குளோரின் எல்லாம் மாறிமாறி வந்து கலக்கும் கழிவுநீர்க் குழிக்கு, வெப்பம் மிதமாக இருக்கும்வரை, இவைதாம் ஏற்றவை. சூடான கரைசலுக்குப் பாலிப்ரொப்பிலீன் வளையும். ஹைப்போகுளோரைட்டுக்கு டைட்டேனியம் மிகச் சிறந்தது. அதன் தாது குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. கேரளத்தின் சவறாவில் 2011-இல் டைட்டேனியம் ஸ்பாஞ்ச் ஆலையும் வந்தது. விலைதான் சிறு வெளுப்புப் பட்டறைகளை எட்டவிடவில்லை. டைட்டேனியமும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல: ஈரமான குளோரினைத் தாங்கும் அது, உலர்ந்த குளோரினில் தீப்பற்றும்.

இந்த வட்டாரத்தில் பம்பு வாங்கும் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொள்முதல் ஆணையில் ‘316 பம்பு ஒன்று’ என்று எழுதி அனுப்பாதீர்கள். திரவத்தின் பெயர், செறிவு, அதிகபட்ச வெப்பம், கழுவப் பயன்படுத்தும் தண்ணீரின் குளோரைடு அளவு, பம்பு எத்தனை மணி நேரம் நிறைந்தபடி சும்மா நிற்கும் என்பது, சீல் ரப்பரின் வகை ஆகிய ஆறையும் எழுதுங்கள். இவற்றைக் கேட்காமல் விலை மட்டும் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.