பல்லாங்குழிப் பலகை: மரத்தில் எழுதப்பட்ட வரலாறு

அரசர்க்கும் போர்க்கும் கோயில்கட்கும் வரலாற்று நூல்களில் வழங்கப்பட்ட இடம், வீட்டுத் திண்ணையில் ஆடப்பட்ட விளையாட்டுக்களுக்கு வழங்கப்பட்டிலது. இதற்கு ஆய்வாளரின் புறக்கணிப்பு ஒரு காரணமாயின், சான்றுகளின் இயல்பு மற்றொரு காரணமாகும். கல்லிற் பொறித்தது நிலைக்கும். மரத்திற் குடைந்தது கறையானுக்கும் ஈரத்துக்கும் அடுப்புக்கும் இரையாகும். பெண்களும் சிறுவரும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பல்லாங்குழிப் பலகையின் வரலாறு இவ்வாறே பெரிதும் மறைந்துபோயிற்று. எஞ்சியவற்றைக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வதும், அதனை அறிதற்குரிய ஒரு வழியைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலகையின் அமைப்பு மிக எளியது. வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளிற் பதினான்கு குழிகள். பதினான்கு என்னும் இவ்வெண்ணே 'பதினாலாங்குழி' என நின்று, பின்னர்ப் 'பன்னாங்குழி', 'பல்லாங்குழி' எனத் திரிந்ததெனச் சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். குழிக்கு ஐந்தாக எழுபது காய்கள் இட்டு ஆடும் வழக்கும், ஆறாக எண்பத்துநான்கு இட்டு ஆடும் வழக்கும் உள. புளியங்கொட்டை, சோகி, குன்றிமணி, கழற்சிக்காய் என்பன காய்களாகப் பயன்படும். சிங்கள மக்களிடையே இவ்விளையாட்டு 'ஒலிந்த கெலிய' எனப்படும். 'ஒலிந்த' என்பது குன்றிமணியைக் குறிக்கும் சொல். புத்தாண்டுக் காலத்திற் பெண்கள் விரும்பி ஆடும் இவ்விளையாட்டின் பலகையும் பதினான்கு குழிகளை உடையதே. ஆகவே இப்பலகை, மொழி வேறுபாட்டைக் கடந்து இத்தீவின் இரு சமூகத்தார்க்கும் பொதுவான பொருளாக விளங்குகின்றது.

உலகப் பரப்பில் நோக்கின் இவ்வுறவு மேலும் விரிவடையும். குழிதோறும் காயிட்டுச் செல்லும் விளையாட்டுக்களை ஆய்வாளர் 'மன்கலா' என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். இடம்பெயர்த்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். ஆபிரிக்காவின் பெரும்பகுதியிலும், மாலைதீவிலும், மலாயா, யாவா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகளிலும் இவ்வினத்து விளையாட்டுக்கள் உள. மலாய்ப் பலகை பெரும்பாலும் தோணி வடிவினது. தென்னிந்தியாவில் மீன் வடிவான பலகைகளும், இரண்டாக மடித்து மூடத்தக்க பலகைகளும் உண்டு. இந்துமாக்கடலின் கரைநாடுகளிற் பலவற்றில் இவ்விளையாட்டுக் காணப்படுதல், வணிகரும் மாலுமியரும் பண்டங்களோடு விளையாட்டுக்களையும் கொண்டு சென்றனர் என்னும் கருத்துக்கு இடந்தருகின்றது. ஆயினும் அது எங்கே தோன்றி எவ்வழியே பரவியது என்னும் வினா இன்னும் முடிவுபெறவில்லை.

முடிவுபெறாமைக்குக் காரணம் சான்றுகளின் குறைபாடே. எரித்திரியாவிலுள்ள மதரா, எதியோப்பியாவிலுள்ள யெஹா என்னும் இடங்களிற் கிடைத்த கற்குழி வரிசைகள் அக்சும் அரசின் காலத்தனவாகக் கருதப்படுகின்றன. ஆனாற் பாறையிலுள்ள குழி தன் காலத்தைத் தானே கூறுவதில்லை. இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலில், இந்நாட்டு விளையாட்டுக்களை விரிவாக விளக்கினார். எகிப்தின் குர்னாக் கோயிற் கூரைக் கற்களிலுள்ள ஆட்டக் கோலங்களையும் அவர் ஆராய்ந்து, அவை கோயில் எழுந்த பழங்காலத்தன எனக் கருதினார். ஆனால் அக்கற்களிலேயே கொப்திக் கிறித்தவரின் சிலுவைக் குறிகளும் காணப்படுதலைப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டி, அக்கோலங்கள் மிகப் பிந்தியனவாகலாம் என்றனர். கட்டடத்தின் வயது வேறு, அதன்மேற் கீறப்பட்ட கோட்டின் வயது வேறு என்னும் பாடத்தை இது புகட்டும்.

மரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. கரிமக் கணிப்பினால் மரம் வளர்ந்த காலத்தை மதிப்பிடலாம். ஆனால் மரம் எஞ்சுவது அரிது. ஊர் நகரத்து அரச கல்லறைகளில் 1920களில் லெனாட் வூலி கண்டெடுத்த ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழைமையான ஆட்டப் பலகைகளின் மரம் முற்றாக மக்கியிருந்தது. அதிற் பதித்திருந்த சிப்பியும் நீலக்கல்லும் தத்தம் இடத்திற் கிடந்தமையாலேயே பலகையின் உருவம் மீட்கப்பட்டது. எகிப்தில் 1922ஆம் ஆண்டில் வெளிப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலோ, கருங்காலியாலான 'செனெற்' ஆட்டப் பெட்டி வறட்சியின் உதவியாற் சிதையாது கிடைத்தது. மழையும் வெப்பமும் மாறிமாறி வரும் இலங்கையிலும் தமிழகத்திலும் அத்தகைய பேறு எதிர்பார்க்கத்தக்கதன்று. அதனாற் பழைய மரப்பலகை கிடைக்காமையைக் கொண்டு இவ்விளையாட்டு இங்குப் பிந்தியதென முடிவு கூறல் பொருந்தாது; அதனைக் கொண்டே மிகத் தொன்மையானது எனப் பெருமை பேசுதலும் பொருந்தாது.

இந்நிலையில் ஆய்வாளனுக்கு எஞ்சியிருக்கும் வழிகளுள் ஒன்று, அப்பலகையை மீண்டும் செய்து பார்த்தலாகும். தொழிலறியாத மாணவனும் செய்யத்தக்க பொருள் அது. மூட்டுவாய் இல்லை, ஆணி இல்லை, ஒரே பலகை போதும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பலகையில், 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஏழு குழிகள் 1.5 சென்ரிமீற்றர் இடைவெளியோடு அமையின், இரு முனைகளிலும் 4.5 சென்ரிமீற்றர் விளிம்பு எஞ்சும். வரிசைகளுக்கிடையே 2 சென்ரிமீற்றர் விடின் இரு பக்கமும் 3 சென்ரிமீற்றர் நிற்கும். குழியின் ஆழம் 2.5 சென்ரிமீற்றராயின் அடியில் அதேயளவு மரம் நிலைபெறும்.

உளியைக் கையிலெடுத்ததும் நூல்கள் கூறாத செய்திகள் தெரியவரும். முதலாவது, மரத்தின் தன்மை. ஈரமரத்திற் குடைந்தாற் காயும்போது சுருங்கி வெடிக்கும். நடுவைரம் உட்பட்ட துண்டு பிளக்கும். எனவே நன்கு உலர்ந்த மரமே ஏற்றது. பலாவும் வேம்பும் தொடக்கநிலையாளனின் கைக்கு இணங்கும். முதிரையும் கருங்காலியும் தேர்ந்த கைக்கே இடங்கொடுக்கும். இரண்டாவது, வெட்டுந் திசை. வளைவாயுடைய உளியை விளிம்பிலிருந்து குழியின் அடிநோக்கி இருபுறமும் செலுத்துதல் வேண்டும். அடியைத் தாண்டி மறுபுறம் மேலேறினால் உளி மரவரிக்கு எதிராகச் சென்று சிராய் பெயர்க்கும். மூன்றாவது, ஒப்புமை. பதினான்கு குழிகளும் ஓரளவினவாக அமையாவிடிற் காய்களைக் கண்ணால் மதிப்பிடும் ஆட்டக்காரர் ஏமாறுவர். குழி ஆழங்குறையின் ஆட்டத்தின் நடுவே குவியும் காய்கள் சிதறும். பலகையின் நேர்மையே ஆட்டத்தின் நேர்மை எனலாம். இறுதியில் மேற்பரப்பை மெருகிடுதற்குப் பராய் மரத்தின் சுரசுரப்பான இலை முற்காலத்திற் பயன்பட்டது.

கைத்தொழில் வழியாக அறிவு பெறுதல் புதிய கொள்கையன்று. சுவீடனின் நேஸ் என்னுமிடத்தில் 1870களில் ஒட்டோ சலமன் ஆசிரியர்க்கு மரவேலை பயிற்றினார். எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்குப் படிப்படியாகச் செல்லுதல் அவர் முறை. நல்ல தச்சனைவிட நல்ல மனிதனை ஆக்குதலே அதன் குறிக்கோள். கைத்தொழிலை நடுவாகக் கொண்ட காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் உருப்பெற்றது. இலங்கையிலும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குக் கொணர்ந்தது. அரசு மாறியபின் அம்முயற்சி நீடிக்கவில்லை. கைவேலை அறிவில் தாழ்ந்தோர்க்குரியது என்னும் எண்ணமும் அதன் தோல்விக்குத் துணைநின்றது. அவ்வெண்ணம் வரலாற்றுத் துறைக்கும் இழப்பே. கருவியறியாதவன் கருவியாற் செய்த பொருளை முழுதும் அறிதல் அரிது.

வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர், இவ்விழப்பை விரைவுபடுத்தியது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊர்விட்டு நீங்கியபோது, கையிற் கொண்டு செல்லத்தக்கன மிகச் சிலவே. பூட்டிய வீட்டின் மூலையிற் கிடந்த மரப்பலகையை அத்தருணத்தில் எவரும் வரலாற்றுச் சான்றாக எண்ணியிருத்தல் இயலாது. அரும்பொருட்சாலைகளில் இடம்பெறுவன பெரும்பாலும் சித்திர வேலைப்பாடுடைய செல்வர் வீட்டுப் பலகைகளே. ஏழையர் வீட்டின் வெறும் பலகையைப் போற்றுவார் இலர். நிலத்திற் கையாற் பறித்த குழிகளோ மறுநாட் காலை முற்றத்தைக் கூட்டும்போதே மறைந்துவிடும்.

ஆகவே எஞ்சியுள்ள பழைய பலகைகளை அளந்து, மரத்தின் வகையையும் குழியின் ஆழத்தையும் ஆடுமுறையையும் குறித்து, அவ்வளவிலேயே ஒரு படி செய்து வைத்தல் இன்றைய மாணவர்க்குரிய பணியாகும். ஏட்டுச்சுவடி சிதையுமுன் அதனைப் பெயர்த்தெழுதிய முன்னோரின் பணிக்கு இது குறைந்ததன்று. பாட்டியின் விரல்கள் தேய்த்து மழுக்கிய குழி விளிம்பும் ஒரு எழுத்தே. அதனைப் படிக்கக் கண் மட்டும் போதாது. கையும் பழகுதல் வேண்டும்.