நாவற்குடா: சுற்றியுள்ள பார்வையிடங்கள்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலான ஒடுங்கிய நிலத்தில் கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையே உள்ள ஊர் நாவற்குடா.

வடக்கே கல்லடியில் சிவானந்தா வித்தியாலயம். ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகளின் (1892–1947) சமாதி இங்குதான். அடுத்து 1924இல் கட்டிய இரும்புப் பாலம். 2013இல் புதுப் பாலம் வந்த பின்னும் பழையது நிற்கிறது. பாலத்தருகே வாவியில் பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் ‘பாடும் மீன்’ கேட்குமாம். பாடுவது மீனா, மட்டியா? வழக்கு இன்னும் தீரவில்லை.

பாலம் கடந்தால் புளியந்தீவுக் கோட்டை: 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் எழுந்தது.