ரிச்சர்டு நிக்சன்: எழுச்சியும் வீழ்ச்சியும்

ரிச்சர்டு மில்ஹவுஸ் நிக்சன் (9 சனவரி 1913 – 22 ஏப்ரல் 1994) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 37ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். வறுமைக்கும் குடும்பத் துயரங்களுக்கும் இடையே வளர்ந்து நாட்டின் மிக உயர்ந்த பதவியை அடைந்த இவர், வாட்டர்கேட் ஊழலால் 1974இல் அதனை இழந்தார். அமெரிக்க வரலாற்றில் பதவி விலகிய ஒரே குடியரசுத் தலைவர் இவரே.

இளமைக்காலம்

கலிபோர்னியா மாநிலத்தின் யோர்பா லிண்டா என்னும் சிற்றூரில், தந்தை பிராங்க் கட்டிய சிறு வீட்டில் நிக்சன் பிறந்தார். தந்தையின் எலுமிச்சைத் தோட்டம் நொடித்துப் போனதால், 1922இல் குடும்பம் விட்டியர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மளிகைக் கடையும் பெட்ரோல் நிலையமும் நடத்தினர். விடியுமுன் லாஸ் ஏஞ்சலஸ் சந்தைக்குச் சென்று கடைக்குக் காய்கறி வாங்கி வந்த பின்பே நிக்சன் பள்ளிக்குச் செல்வார்.

1925இல் தம்பி ஆர்தர் இறந்தார். அண்ணன் ஹரால்டு பல ஆண்டுகள் காசநோயால் துன்புற்று 1933இல் இறந்தார். அவரை அரிசோனாவுக்கு அழைத்துச் சென்ற தாய் ஹன்னா, பிற காசநோயாளிகளையும் பராமரித்துச் செலவை ஈடுகட்டினார். ஹார்வர்டில் பயில உதவித்தொகை வாய்ப்பு இருந்தும், குடும்பச் சூழலால் நிக்சன் உள்ளூர் விட்டியர் கல்லூரியிலேயே படித்தார். பின்னர் உதவித்தொகையுடன் டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1937இல் தேறினார்.

அரசியல் வாழ்வு

குடியரசுக் கட்சி சார்பில் 1946இல் கீழவைக்கும் 1950இல் மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953 முதல் 1961 வரை ஐசனாவரின் கீழ்த் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். 1960இல் கென்னடியிடம் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 1962இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோல்வியுற்றார். எனினும் 1968இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972 பிப்ரவரியில் சீனாவுக்குச் சென்றது இவரது ஆட்சியின் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

வாட்டர்கேட்

1972 சூன் 17 அன்று, வாசிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த சனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் நுழைந்த ஐவர் கைதாயினர். அவர்களுக்கும் நிக்சனின் தேர்தல் குழுவுக்கும் தொடர்பு இருந்தது. ஆனாலும் அவ்வாண்டு நவம்பரில் 49 மாநிலங்களில் நிக்சன் வென்றார்.

வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்பது 1973 சூலையில் வெளிப்பட்டது. நாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்சை அக்டோபரில் நிக்சன் பதவி நீக்கச் செய்தார். 1974 சூலை 24 அன்று, நாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கைதுகள் நடந்த ஆறாம் நாளிலேயே, நடுவண் உளவு முகமையைக் கொண்டு புலனாய்வைத் தடுக்க அவர் இசைந்தது நாடா ஒன்றில் பதிவாகியிருந்தது. சொந்தக் கட்சியினரின் ஆதரவையும் இழந்த நிக்சன், ஆகத்து 9 அன்று பதவி விலகினார்.

பிற்காலம்

வெள்ளை மாளிகை ஊழியர்களிடம் விடைபெற்றபோது, தந்தையின் எலுமிச்சைத் தோட்டத்தையும், மகன்களைக் காசநோய்க்குப் பறிகொடுத்த தாயையும் நினைவுகூர்ந்தார். அடுத்து வந்த ஜெரால்டு போர்டு, செப்டம்பர் 8 அன்று அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இதனால் நிக்சன் நீதிமன்ற விசாரணைக்கு உட்படவில்லை. அவருடைய உதவியாளர்கள் பலர் சிறை சென்றனர்.

வாட்டர்கேட் கட்டடத்துக்குள் நுழைய நிக்சனே ஆணையிட்டார் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. குற்றத்தை மறைக்க முயன்றதே அவரை வீழ்த்தியது. அதற்கான சான்றாக அமைந்தவை, அவரே பதிவு செய்ய ஏற்பாடு செய்த ஒலிநாடாக்கள்.