சராசரிக்குள் மறைந்தவர்கள்: அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு ஆய்வுகளின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு இல்லை. முதியோருக்கு ஒரு திட்டம், ஏழைகளுக்கு ஒரு திட்டம், வேலையில் இருப்போருக்கு நிறுவனம் வழியாக ஒரு காப்பீடு என்று பிரிந்து கிடக்கும் ஏற்பாடு அது. இதனால் யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு அளிப்பது, அதற்கு என்ன செலவாகும், என்ன பயன் கிடைக்கும் என்ற கேள்விகள் அங்கு திரும்பத் திரும்ப எழுந்தன. விடை காண அந்நாட்டு அரசு 1930களில் பெரும் கணக்கெடுப்புகளையும், 1970கள் முதல் குலுக்கல் முறையிலான பரிசோதனைகளையும் நடத்தியது.

இந்த ஆய்வுகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். 'செலவு குறையுமா?' என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருந்தது. விடை சராசரியாகச் சொல்லப்பட்டது. ஏழைகளுக்கும், நாள்பட்ட நோயாளிகளுக்கும், தள்ளாத முதியோருக்கும் என்ன நேர்ந்தது என்பது அதே ஆய்வுகளின் உள்ளே பதிவாகியிருந்தும், சட்டம் இயற்றியவர்களின் கவனத்தை அந்த அளவுக்குப் பெறவில்லை.

தொடக்ககாலக் கணக்கெடுப்புகள்

மருத்துவச் செலவு பற்றிய முதல் பெரும் ஆய்வை அரசு நடத்தவில்லை. தனியார் அறக்கட்டளைகளின் நிதியில் 1927இல் அமைக்கப்பட்ட மருத்துவச் செலவுகள் குழு ஐந்தாண்டுகள் இயங்கியது. ஏறத்தாழ 9,000 வெள்ளையினக் குடும்பங்களின் ஓராண்டு மருத்துவச் செலவை அது பதிவு செய்தது. நோயின் சுமை எல்லாக் குடும்பங்கள் மீதும் சமமாக விழுவதில்லை. எந்த ஆண்டு எந்தக் குடும்பத்தின் மீது விழும் என்று முன்கூட்டிக் கூறவும் முடியாது என்பது அதன் முக்கியக் கண்டறிதல் ஆகும். ஆகவே பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று குழு 1932இல் பரிந்துரைத்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் இடம்பெற்றது. மருத்துவக் காப்பீடு இடம்பெறவில்லை.

அதே ஆண்டு பொதுச் சுகாதாரச் சேவை அமைப்பு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பெருமந்தத்தில் வேலை இழந்தவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் நிதியில், அப்படி வேலை இழந்தவர்களையே கணக்கெடுப்பாளர்களாக அமர்த்தி, 1935–36இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நகர்ப்புற வீடுகளில் தகவல் திரட்டப்பட்டது. வருமானம் குறையக் குறைய நாள்பட்ட நோயும் உடல் இயலாமையும் கூடுவதை அது எண்களால் காட்டியது. அரசு உதவி பெற்று வாழ்ந்த குடும்பங்களின் நிலை மிகவும் மோசமாக இருந்தது. நோய் வறுமையைத் தருகிறது, வறுமை நோயைத் தருகிறது என்ற சுழலுக்கு நாடளாவிய சான்று கிடைத்தது. ஆனால் அதைக் கொண்டு பொதுக் காப்பீட்டுச் சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தகைய கணக்கெடுப்பு நிரந்தரமாக்கப்பட்டது. 1957 முதல் இன்றுவரை அது தொடர்கிறது.

1965: இரண்டு திட்டங்கள், ஓர் இடைவெளி

குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று மெடிகேர், மெடிகெய்ட் ஆகிய இரு திட்டங்களை உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மெடிகேர் 65 வயதைக் கடந்தவர்களுக்கான கூட்டாட்சி அரசின் காப்பீடு. மெடிகெய்ட் ஏழைகளுக்காகக் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து செலவிடும் திட்டம்.

இவ்விரண்டுக்கும் இடையே நீண்டகாலப் பராமரிப்பு விடுபட்டது. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தல் போன்ற அன்றாட உதவிகளே இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. மெடிகேர் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பின் 100 நாள் வரையிலான செவிலியர் பராமரிப்புக்கு மட்டுமே பணம் தந்தது. அதற்குப் பின் பராமரிப்பு இல்லத்தில் தங்க வேண்டிய முதியவர் தம் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும். அது தீர்ந்து ஏழையான பிறகே மெடிகெய்ட் உதவிக்கு வரும். வாழ்நாள் முழுவதும் நடுத்தர வருமானத்தில் வாழ்ந்தவர்கள் கடைசிக் காலத்தில் ஏழைகளுக்கான திட்டத்தில் சேர நேர்ந்தது இதனால்தான். மேலும், பராமரிப்பு இல்லத்துக்குப் பணம் தருவது மாநிலங்களுக்குக் கட்டாயமாக இருந்தது. வீட்டிலேயே உதவி தருவது பெரும்பாலும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

டஸ்கிகியின் நிழல்

எளிய மக்களை அரசு ஆராய்வதில் உள்ள ஆபத்து 1972இல் வெளிப்பட்டது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி பகுதியில் பொதுச் சுகாதாரச் சேவை அமைப்பு 1932 முதல் 40 ஆண்டுகள் ஓர் ஆய்வை நடத்தி வந்தது. சுமார் 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களில் 399 பேருக்கு மேகநோய் எனப்படும் சிபிலிஸ் இருந்தது. நோயின் உண்மை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பென்சிலின் ஏற்கப்பட்ட மருந்தாகிவிட்ட பின்னும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. செய்தி வெளியானதும் ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974இல் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. 1979இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை மனிதர்களை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்றையும் ஆய்வின் அடிப்படை நெறிகளாக வகுத்தது.

ராண்ட் மருத்துவக் காப்பீட்டுப் பரிசோதனை

1970களின் தொடக்கத்தில் தேசிய மருத்துவக் காப்பீடு மீண்டும் விவாதத்துக்கு வந்தது. மருத்துவம் இலவசமானால் மக்கள் அளவுக்கு மீறிப் பயன்படுத்துவார்களா என்பதே அப்போதைய முக்கியக் கேள்வி. அரசு நிதியுடன், ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் பரிசோதனையை வடிவமைத்தது.

ஆறு இடங்களில் சுமார் 5,800 பேர் சேர்க்கப்பட்டனர். ஒஹாயோவின் டேட்டன், வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில், மாசசூசெட்ஸில் இரு இடங்கள், தென் கரோலினாவில் இரு இடங்கள் என நகரமும் நாட்டுப்புறமும் கலந்து தேர்ந்தெடுக்கப்பட்டன. எந்தக் குடும்பத்துக்கு எந்தத் திட்டம் என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானது. சிலருக்கு மருத்துவம் முழுவதும் இலவசம். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 சதவீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். எனினும் ஆண்டுக்கு ஒரு குடும்பம் செலுத்துவதற்கு வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு இருந்தது. அது 1,000 டாலரைத் தாண்டாது. பங்கேற்பதால் எந்தக் குடும்பத்துக்கும் பண இழப்பு நேராதபடி ஈட்டுத்தொகையும் தரப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் பங்கேற்றது. பரிசோதனை 1982இல் முடிந்தது.

முதல் முடிவு தெளிவானது. இலவசத் திட்டத்தில் இருந்தவர்களைவிட 95 சதவீதத் திட்டத்தில் இருந்தவர்களுக்கான மருத்துவச் செலவு சுமார் 30 சதவீதம் குறைவு. இரண்டாவது முடிவு 1983இல் வெளியானது: சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 'கைப்பணம் செலுத்த வைத்தால் வீண்செலவு குறையும், உடல்நலம் கெடாது' என்ற சுருக்கம் இதிலிருந்து பிறந்தது. 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் தம் ஊழியர்களின் காப்பீட்டில் செலவுப் பங்கைக் கூட்டியபோது இந்தச் சுருக்கம் மேற்கோள் காட்டப்பட்டது.

அதே அறிக்கையில் வேறு செய்திகளும் இருந்தன. இலவசத் திட்டத்தில் இருந்தோரின் பார்வைத் திருத்தம் மேம்பட்டது. கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைத்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் அழுத்தம் குறைந்தது. குறிப்பாக ஏழை நோயாளிகளிடம் இந்தப் பயன் அதிகமாக இருந்தது. நோய் அபாயம் மிகுந்தவர்களுக்குக் கணக்கிடப்பட்ட இறப்பு வாய்ப்பு இலவசத் திட்டத்தில் சுமார் 10 சதவீதம் குறைவு. காரணம் எளியது: இலவசம் என்பதால் மருத்துவரிடம் சென்றார்கள்; சென்றதால் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. அத்துடன், பணம் செலுத்த வேண்டியவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை. தேவையான சிகிச்சையையும் ஏறத்தாழ அதே அளவில் குறைத்தார்கள்.

62 வயதுக்கு மேற்பட்டவர்கள் இப்பரிசோதனையில் தொடக்கத்திலேயே சேர்க்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. மருத்துவத்தை அதிகம் நாடும் பிரிவினரைப் பற்றி இதன் முடிவுகள் எதுவும் கூறவில்லை.

சேனலிங்: முதியோரை வீட்டிலேயே பராமரித்தல்

முதியோர் பற்றிய கேள்விக்குத் தனிப் பரிசோதனை தேவைப்பட்டது. வீட்டிலேயே உதவி அளித்தால் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்வது குறையும், அரசுக்குச் செலவும் மிச்சமாகும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. இதைச் சோதிக்க, சுகாதார, மனிதச் சேவைகள் துறை 1980இல் சேனலிங் என்ற தேசிய முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பால்டிமோர், ஹூஸ்டன், மியாமி, பிலடெல்பியா, கிழக்குக் கென்டக்கி உள்ளிட்ட 10 இடங்களில் 6,000க்கும் மேற்பட்ட தளர்ந்த முதியோர் சேர்க்கப்பட்டனர். சராசரி வயது ஏறத்தாழ 80. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு மட்டும், தேவைகளை மதிப்பிட்டுச் சேவைகளை ஒருங்கிணைத்துத் தரும் அலுவலர் ஒருவர் பொறுப்பேற்றார்.

எதிர்பார்த்தபடி செலவு குறையவில்லை, கூடியது. அத்தனை தளர்ந்த நிலையிலும், உதவி பெறாத பிரிவினரில் பெரும்பாலோர் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்லவில்லை என்பதே காரணம். மனைவியோ கணவரோ மகளோ அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். செல்லாதவர்களைச் செல்லாமல் தடுத்து மிச்சம் பிடிக்க இயலாது. குடும்பத்தார் ஊதியமின்றிச் செய்துவந்த பணி அரசின் செலவுக் கணக்கில் தெரியாமல் இருந்தது. இந்த ஆய்வு அதைத் தெரிய வைத்தது.

மறுபக்கத்தில், உதவி பெற்ற முதியோரின் நிறைவேறாத தேவைகள் குறைந்தன. அவர்களும் அவர்களைப் பராமரித்தவர்களும் வாழ்வில் கூடுதல் மனநிறைவு அடைந்ததாகப் பதிவானது. அரசு உதவி வந்ததும் குடும்பத்தினர் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சமும் பெரும்பாலும் பொய்த்தது. ஆனால் திட்டத்தின் நோக்கம் செலவைக் குறைப்பது என்று வரையறுக்கப்பட்டிருந்ததால், 'மிச்சமாகவில்லை' என்பதே அதன் முடிவாக நினைவில் நின்றது. 1988இல் மெடிகேர் பாதுகாப்பை விரிவாக்கிய சட்டமும் நீண்டகாலப் பராமரிப்புக்குக் காப்பீடு அளிக்கவில்லை. அச்சட்டத்தின் பெரும்பகுதியும் மறு ஆண்டு நீக்கப்பட்டது.

உதவி பெறுபவரே முடிவு செய்தல்

1990களின் இறுதியில் கேள்வி மாறியது. அர்கன்சா, நியூ ஜெர்சி, புளோரிடா மாநிலங்களில் நடந்த 'கேஷ் அண்ட் கவுன்சிலிங்' திட்டத்தில், மெடிகெய்ட் வழியாக வீட்டு உதவி பெறுவோருக்கு மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. யாரை உதவிக்கு அமர்த்துவது, எப்போது வரச் சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். உறவினரையும் சம்பளத்துக்கு அமர்த்தலாம். இங்கும் குலுக்கல் முறையே பின்பற்றப்பட்டது.

தாமே முடிவு செய்தவர்கள் அதிக மனநிறைவுடன் இருந்தனர். உடல்நலம் எவ்வகையிலும் மோசமாகவில்லை. வீட்டு உதவிக்கான செலவு கூடியது. ஆனால் அர்கன்சாவில் அதற்கு ஒரு முக்கியக் காரணம், வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு உரிய மணிநேர உதவியே கிடைக்கவில்லை என்பது. காகிதத்தில் அனுமதித்த உதவிக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்த உதவிக்கும் இடையிலான வேறுபாடு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அது கிடைக்காமல் போனதால் உண்டான 'மிச்சம்' முன்பு சிக்கனமாகத் தோன்றியது.

ஓரிகன் குலுக்கலும் கிளாஸ் சட்டமும்

2008இல் ஓரிகன் மாநிலம் ஏழைப் பெரியவர்களுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் சுமார் 10,000 பேரைச் சேர்க்க முன்வந்தது. ஏறத்தாழ 90,000 பேர் பதிவு செய்தனர். ஆகவே மாநிலம் குலுக்கல் நடத்தியது. ஆய்வுக்காக நடத்தப்படாத இக்குலுக்கலை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், காப்பீடு பெற்றவர்கள் மருத்துவத்தை அதிகம் பயன்படுத்தியது தெரிந்தது. இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவற்றில் புள்ளியியல் நோக்கில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. மருத்துவச் செலவால் குடும்பம் நொடிந்துபோகும் நிலை ஏறத்தாழ மறைந்தது. மெடிகெய்டை எதிர்த்தவர்கள் முதல் முடிவையும், ஆதரித்தவர்கள் இரண்டாம் முடிவையும் எடுத்துக்கொண்டனர்.

நீண்டகாலப் பராமரிப்புக்கு 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தில் கிளாஸ் என்ற காப்பீடு சேர்க்கப்பட்டது. சேருவது அவரவர் விருப்பம்; 75 ஆண்டுகளுக்குத் தன் வருவாயிலேயே இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டாயமில்லாத திட்டத்தில் உதவி தேவைப்படக்கூடியவர்களே அதிகம் சேர்வார்கள், கட்டணம் உயரும், உயர உயர நலமாக உள்ளவர்கள் சேரத் தயங்குவார்கள். துறையின் ஆய்வுப் பிரிவு பல மாற்று வடிவங்களை ஆராய்ந்தது. சட்டத்துக்கு உட்பட்டு நிலைத்து நிற்கும் வடிவம் கிடைக்கவில்லை என்று 2011 அக்டோபரில் அரசு அறிவித்தது. 2013 ஜனவரியில் கிளாஸ் நீக்கப்பட்டது.

மதிப்பீடு

இந்த ஆய்வுகளின் நேர்மையும் நுட்பமும் இன்றும் பாராட்டப்படுகின்றன. கொள்கை சார்ந்த கேள்விகளைக் குலுக்கல் முறையில் சோதிக்கும் வழக்கம் வலுப்பெற்றதில் ராண்ட் பரிசோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் எந்தக் கேள்வி முதலில் வைக்கப்பட்டதோ அதன் விடையே கொள்கையாயிற்று. இரத்த அழுத்தம் இருந்த ஏழைகள், தாயை வீட்டில் வைத்துப் பராமரித்த மகள்கள், உதவியாளர் வராததால் காத்திருந்த முதியோர் ஆகியோர் பற்றிய தகவல்கள் அறிக்கைகளின் உட்பக்கங்களில் தங்கின. அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்புக்கு எல்லோருக்குமான பொதுக் காப்பீடு இன்னும் இல்லை. அந்தப் பணியின் பெரும்பகுதியைக் குடும்பங்களே ஊதியமின்றிச் சுமக்கின்றன.

செலவுப் பங்கு விதிக்கும் காப்பீட்டுத் திட்டம் எதை மதிப்பிட நேர்ந்தாலும், சராசரி விளைவுடன் மிக ஏழைகளுக்கும் மிக நோயுற்றவர்களுக்கும் நேர்ந்த விளைவைத் தனியே பார்க்க வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம். சராசரியில் மாற்றம் இல்லை என்பது, யாருக்கும் மாற்றம் இல்லை என்று பொருள்படாது.