மின்சாரக் கார் ஓடும் தூரம்

ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும்? மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர் முதலிற் கேட்கும் கேள்வி இது. விடையோ எந்த நாட்டிற் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 24 கிலோவாற் மணித்தியாலக் கொள்ளளவுள்ள மின்கலத்துடன் வந்த 2014 ஆம் ஆண்டின் நிஸான் லீஃப் காருக்கு ஜப்பானியச் சோதனை முறை 228 கிலோமீற்றர் என்றது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமோ 84 மைல், அதாவது 135 கிலோமீற்றர் என்றது. இவற்றில் எது உண்மைக்கு அண்மையானது என்பதை ஓட்டிப் பார்த்தோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2015 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து குவிந்த லீஃப் கார்களிற் பல, ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகள். அவற்றின் மின்கலத்துக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது; வெப்பமோ மின்கலத்தின் பெரும் பகை. கொள்ளளவிற் காற்பங்கு தேய்ந்துவிட்டால் 135 என்பது 100 ஆகச் சுருங்கும். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர். அதிலும் 1,500 கிலோகிராம் எடையை 500 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் 2 கிலோவாற் மணித்தியாலம் வேண்டும். இறங்குகையில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும் என்பது உண்மையே. ஆனால், கண்டிக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கே அந்த ஆறுதல்!

நகர நெரிசலில் நிலைமை வேறு. பெற்றோல் கார் நின்று நின்று எரிபொருளை விரயமாக்கும் இடத்தில் இது சிக்கனமாக ஓடும். அதிவேகப் பாதையிற் காற்றுத் தடை அந்தச் சிக்கனத்தை விழுங்கிவிடும்.

பழைய லீஃப் வாங்குவோர், ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நோக்குமுன் மின்கலக் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளை எண்ணுவது நன்று. முதற் கோடு மறைந்தாலே சுமார் 15 சதவீதம் போய்விட்டது என்பது பொருள்.